டொரோதியா டிக்ஸ் அம்மையார்

உடல் நோயுற்றாரைக் கண்டு இரங்குதல் மக்கட்கு இயல்பு. காய்ச்சலாற் கிடப்பானுக்குக் கஞ்சி வார்ப்பார் உளர். கால் முறிந்தானைத் தோளிற் சுமப்பார் உளர். உள்ளம் நோயுற்றாரைக் கண்டாலோ அவ்விரக்கம் எங்கோ ஓடி ஒளிக்கின்றது. அச்சமும் நகைப்பும் வெறுப்பும் அதன் இடத்தில் வந்து குடிபுகுகின்றன. நோயாளி பேசுவன பொருளற்றனவாகத் தோன்றுதலின், அவர் படுந்துன்பமும் பொருளற்றதே என உலகம் எண்ணிவிட்டது போலும். இவ்வெண்ணத்தை எதிர்த்து நாற்பதாண்டு ஓயாது உழைத்தவர் அமெரிக்க நாட்டு டொரோதியா டிக்ஸ் அம்மையார். அவர் மருத்துவர் அல்லர், பெருஞ்செல்வர் அல்லர், வாக்குரிமைதானும் பெற்றாரல்லர். உடல் நலமோ இளமை தொட்டே குன்றியிருந்தது. அங்ஙனமிருந்தும் பல மாகாணங்களின் சட்டசபைகள் அவர் விண்ணப்பத்துக்குச் செவிசாய்த்தன. அவ்வம்மையாரின் வரலாற்றையும், அவர் எழுப்பிய மனைகள் அவருக்குப் பின் எய்திய நிலையையும் ஈண்டு ஒருவாறு சுருங்கக் கூறுவாம்.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 4-ஆம் நாள் ஹாம்ப்டன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் அந்நாளில் மாசச்சூசெட்ஸ் மாகாணத்தைச் சார்ந்திருந்தது. இந்நாளில் மெய்ன் மாகாணத்தில் உள்ளது. தந்தையார் ஜோசப் டிக்ஸ் ஊரூராய்ச் சென்று சமயவுரை நிகழ்த்துபவர். இல்லத்தில் வறுமை நீங்கியபாடில்லை; தாயாரும் நலிந்த உடலினர். தந்தையார் விற்கும் சமயச் சிறுநூல்களின் தாள்களை மடித்துத் தைத்தல் மூத்த மகளாகிய டொரோதியாவின் வேலை. தம்பியர் இருவரைப் பேணுதலும் அவர் தலைமேலதே. விளையாடும் பருவத்தில் வீட்டைத் தாங்கிய அச்சிறுமியார், பன்னிரண்டாம் ஆண்டில் அவ்வாழ்க்கை பொறாது, பாஸ்டன் நகரத்திருந்த தந்தைவழிப் பாட்டியாரிடம் சென்று சேர்ந்தார்.

பாட்டியார் கண்டிப்புமிக்கவர். காலந்தவறாமை, சிக்கனம், ஒழுங்கு என்னும் மூன்றும் அவ்வீட்டின் சட்டங்கள். அன்பு வேண்டி வந்த பேர்த்திக்கு ஆங்குக் கிட்டியது பயிற்சியே. எனினும் அப்பயிற்சி வீண்போகவில்லை. பதினான்காம் ஆண்டிலேயே ஊஸ்டர் நகரத்தில் சிறுபிள்ளைகட்கு ஒரு பள்ளி தொடங்கினார். வயது முதிர்ந்தாராகத் தோன்றுதற்பொருட்டு நீண்ட பாவாடை உடுத்தி அவர் கற்பித்தனர் என்ப. 1821-ஆம் ஆண்டில் பாஸ்டனில் வேறொரு பள்ளி நிறுவினார்; அதனோடு ஏழைப் பிள்ளைகட்குக் கூலியின்றிக் கற்பிக்கும் பள்ளியொன்றையும் நடத்தினார். 1824-ஆம் ஆண்டில் அன்றாடப் பொருள்களைப் பற்றி ஒரு தாயும் மகளும் உரையாடும் முறையில் அவர் எழுதிய பாடநூல் பல பதிப்புகள் கண்டது.

அக்காலத்துப் பாஸ்டனிற் புகழ்பெற்று விளங்கிய சமயப் பெரியார் வில்லியம் எல்லரி சானிங் என்பார். மக்கள் ஒவ்வொருவரிடத்தும் இறைவனின் சாயல் உறைகின்றது என்பது அவர் போதனையின் உயிர்நிலை. டொரோதியா அவர் இல்லத்துப் பிள்ளைகட்கு ஆசிரியையாயிருந்து அப்போதனையை உள்ளத்திற் பதித்துக்கொண்டார். பின்னாளில் இருட்டறைகளிற் கிடந்தாரிடத்தும் அச்சாயலைக் காணும் கண் அவருக்கு வாய்த்தது இதனாற்போலும் என்று யாம் கருதுகின்றோம்.

நோயும் ஓய்வும்

இடைவிடாத உழைப்பால் 1836-ஆம் ஆண்டில் அம்மையாரின் உடல் முறிந்தது. நுரையீரல் நோயோடு உள்ளத் தளர்ச்சியும் சேர்ந்து வருத்திற்று. பள்ளியை மூடிவிட்டு மருத்துவர் சொற்படி கடற்செலவு மேற்கொண்டார். இங்கிலாந்து தேயத்து லிவர்ப்பூல் நகரில் ராத்போன் என்னும் குடும்பத்தார் அவரைத் தம் இல்லத்தில் ஓராண்டுக்குமேல் வைத்துப் பேணினர். தம் வாழ்நாளில் அன்பு நிறைந்த வீடு இன்னதென்று அவர் அறிந்தது ஆங்கேதான்.

அவ்வில்லத்துக்கு வந்துபோவார் பலர் சமுதாயச் சீர்திருத்தத்தில் ஈடுபட்டோர். மனநோயாளரைச் சங்கிலியாலன்றி அன்பாலும் ஒழுங்காலும் நடத்தலாம் என்னும் புதுமுறை அப்பொழுது ஐரோப்பாவிற் பரவிக்கொண்டிருந்தது. பாரிஸ் நகரத்தில் பினெல் என்னும் மருத்துவரும், நோயாளரோடு பல்லாண்டு பழகிய புசென் என்னும் கண்காணிப்பாளரும் அதற்கு வழிகாட்டினர். இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் தேயிலை வணிகராகிய வில்லியம் ட்யூக் என்பார் குவேக்கர் சபையாரின் துணைகொண்டு ஓர் ஓய்வு இல்லம் அமைத்தார், 1796-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அவ்வில்லத்தில் நோயாளர் தோட்ட வேலை செய்தனர், தைத்தனர், விருந்தினரோடு அமர்ந்து தேநீர் அருந்தினர். இத்தகைய முயற்சிகளின் செய்தி அம்மையாரின் செவியில் வித்தாக விழுந்தது. அது முளைக்க நான்கு ஆண்டுகள் ஆயின.

1837-ஆம் ஆண்டிற் பாட்டியார் இறந்தனர். அவர் விட்டுச்சென்ற பொருள் எளிய வாழ்வுக்குப் போதியதாயிற்று. தாயகம் திரும்பிய அம்மையாருக்கு உணவுக்குக் கவலை இல்லை. ஆயின் செய்தற்கு வேலையும் இல்லை. இன்னது செய்வதென அறியாது சில ஆண்டுகள் கழிந்தன.

சிறைக்கூடத்திற் கண்ட காட்சி

1841-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கிழக்குக் கேம்பிரிட்ஜ் சிறைக்கூடத்துப் பெண்கட்கு மறைப்பாடம் கற்பிக்க ஆள் வேண்டியிருந்தது. அப்பணிக்கு உரிய மாணவரொருவர் தம்மால் அதனைச் செவ்வனே செய்தல் அரிதென உணர்ந்து, தக்க பெண்மணி ஒருவரைத் தேடினார். முப்பத்தொன்பதாம் ஆண்டை நிரப்புதற்கு ஒரு வாரமே குறைந்திருந்த டொரோதியா அம்மையார் தாமே செல்வதாக ஏற்றுக்கொண்டார்.

பாடம் முடிந்தபின் அவர் சிறையின் ஏனை அறைகளையும் பார்வையிட்டார். குற்றம் எதுவும் இழைத்தறியாத மனநோயுற்ற பெண்கள் சிலர், திருடரும் குடியருமாகிய கைதிகளோடு அடைபட்டுக் கிடந்தனர். பாஸ்டன் பக்கத்து மார்ச்சுக் குளிர் எலும்பை ஊடுருவுவது. அவ்வறைகளிலோ கணப்பு இல்லை. இவர்கட்கு ஏன் நெருப்பு மூட்டவில்லை என்று அம்மையார் வினவியதற்கு, பித்துப்பிடித்தார்க்குக் குளிர் தெரியாதென்று காவலர் விடை பகர்ந்தனர். அக்காலத்து உலகத்தின் அறியாமை முழுதும் அவ்விடையில் அடங்கியிருந்தது எனலாம். கொடியவர் என்று அக்காவலரைச் சொல்லுதற்கில்லை. எல்லோரும் நம்பியதை அவரும் நம்பினர்.

அம்மையார் அழுதுவிட்டு வீடு செல்லவில்லை. நீதிமன்றத்தை அணுகினார், அவ்வறைகட்கு வெப்பம் கிடைக்கச் செய்தார். அதனோடு அமையாது, இச்சிறையில் உள்ளது ஏனை ஊர்களிலும் உண்டோ என்று ஆராயத் துணிந்தார். ஒரு கணப்புக்காக எழுந்த வழக்கு ஒரு நாட்டின் வழக்காக மாறியது இங்ஙனம்.

மாகாணம் முழுதும் கண்டமை

அடுத்த ஈராண்டில் அவர் மாசச்சூசெட்ஸ் மாகாணத்துச் சிறைகளையும் ஏழையர் விடுதிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்று பார்த்தார். அக்காலத்தில் ஊராட்சியார், வறிய மனநோயாளரைக் குறைந்த கூலிக்குப் பேண முன்வருவாரிடம் ஒப்படைத்துவிடுவர். இத்தகையோர் நிலவறைகளிலும், மாட்டுத்தொழுவத்தை ஒத்த அடைப்புகளிலும், மரக்கூண்டுகளிலும் வைக்கப்பட்டிருந்தனர். சிலர் ஆடையின்றிச் சங்கிலியாற் பிணிப்புண்டிருந்தனர், சிலர் அடியுண்டனர். அம்மையார் சென்ற இடந்தோறும் ஊரின் பெயர், நோயாளரின் நிலை, கிடந்த இடத்தின் தன்மை ஆகியவற்றைக் குறிப்பேட்டிற் பொறித்துக்கொண்டார்.

இக்குறிப்பேடே அவருடைய படைக்கலம். கண்ணீர் ததும்பப் பேசுவாரை உலகம் ஒருநாள் கேட்டு மறுநாள் மறந்துவிடும். ஊரும் நாளும் சுட்டிக் கூறுவாரை மறுத்தல் எளிதன்று. 1843-ஆம் ஆண்டு சனவரியில் அவர் தம் குறிப்புகளை ஒரு விண்ணப்பமாகத் திரட்டி மாகாணச் சட்டசபைக்கு அளித்தார். பெண்ணொருத்தி அச்சபையில் எழுந்து பேசுதல் அந்நாள் வழக்கில் இல்லாமையின், குருடர்க்குக் கல்வி புகட்டிப் புகழ்பெற்ற சாமுவேல் ஹௌ என்னும் உறுப்பினர் அதனைச் சபைமுன் வைத்தார்.

விண்ணப்பம் பெரும்புயலைக் கிளப்பியது. குற்றஞ்சாட்டப்பட்ட ஊராட்சியார் சினந்தனர். இவையெல்லாம் மிகைக்கூற்று என்றனர். ஹௌவும் சார்லஸ் சம்னரும் அம்மையார் கூறியதை உறுதிப்படுத்தினர். முடிவில் ஊஸ்டர் நகரத்திருந்த மாகாண மனநோய் மருத்துவமனையை விரிவுபடுத்தும் சட்டம் நிறைவேறிற்று.

மாகாணந்தோறும் சென்றமை

ஒரு மாகாணத்தில் வெற்றி கண்டதும் அம்மையார் அடுத்த மாகாணத்துக்குப் புறப்பட்டார். அண்டையிலிருந்த ரோடு தீவு மாகாணத்தில் ஆப்ரகாம் சிம்மன்ஸ் என்னும் நோயாளி, காற்றும் ஒளியும் புகாத கல்லறையொன்றிற் குளிர்காலத்தில் அடைபட்டுக் கிடந்ததை 1844-ஆம் ஆண்டில் நாளிதழ் வாயிலாக வெளிப்படுத்தினார். அம்மாகாணத்தில் சைரஸ் பட்லர் என்னும் செல்வர் ஒருவர் இருந்தார். கையிறுக்கமுடையார் என்று பெயர் பெற்றவர். அம்மையார் அவரை நேரிற் சென்று கண்டார். பட்லர் 40,000 டாலர் ஈந்தார். இன்றளவும் அவர் பெயரால் ஒரு மருத்துவமனை ஆங்கு நிலவுகின்றது.

நியூ ஜெர்சி மாகாணத்துக்கு 1845-ஆம் ஆண்டில் விண்ணப்பம் அளித்தார். பகலெல்லாம் கடிதம் எழுதுவார்; மாலையில் சட்டசபை உறுப்பினரைத் தம் தங்குமிடத்துக்கு அழைத்து, தாம் கண்டவற்றை அமைதியாக எடுத்துரைப்பார். அதன் பயனாக ட்ரெண்டன் நகரின் அருகே எழுந்த மருத்துவமனை 1848-ஆம் ஆண்டில் நோயாளரை ஏற்றது. முற்றிலும் தம் முயற்சியால் உருவாகிய முதல் மனையாதலின், அதனைத் தம் தலைப்பிள்ளையாகவே அம்மையார் பாராட்டினார். இதனைப் படிப்போர் நினைவிற் கொள்க. இம்மனைக்கு மீண்டும் வருவோம்.

வட கரோலினாவில் நிகழ்ந்தது உள்ளத்தை உருக்குவது. ஆங்குச் சட்டசபையார் பலர் பொருட்செலவை எண்ணித் தயங்கினர். அம்மையார் தங்கியிருந்த விடுதியிலேயே உறுப்பினர் ஜேம்ஸ் டாபின் என்பாரின் மனைவியார் நோயுற்றுக் கிடந்தார். அம்மையார் இறுதிவரை அவர் அருகிருந்து பணிவிடை செய்தார். அம்மாதரார் உயிர்பிரியுமுன், அம்மையாரின் சட்டத்துக்குத் துணைநிற்குமாறு கணவரை வேண்டிக்கொண்டனர். நல்லடக்கம் முடித்துத் திரும்பிய டாபின் சபையில் எழுந்து பேசினார், சட்டம் நிறைவேறியது.

அந்நாட்களில் இருப்புப்பாதை அரிது. குதிரை வண்டியிலும், படகிலும், சேறுபட்ட பாதைகளிலும் செலவு செய்தல் வேண்டும். சில ஆண்டுகளுக்குள் அவர் 10,000 மைலுக்குமேற் பயணஞ்செய்து, 18 பெருஞ்சிறைகளையும், 300 சிறுசிறைகளையும், 500-க்கு மேற்பட்ட ஏழையர் விடுதிகளையும் பார்வையிட்டார். இடையிடையே மலேரியாக் காய்ச்சலும் நுரையீரல் நோயும் அவரைப் படுக்கையிற் கிடத்தும். எழுந்ததும் மீண்டும் வண்டியேறுவார். அவர் முயற்சியால் நிறுவப்பட்டனவும் விரிவுபடுத்தப்பட்டனவுமாகிய மருத்துவமனைகள் 32 என்று கணக்கிடுவர்.

கைநழுவிய வெற்றி

மாகாணந்தோறும் இரந்து நிற்பதினும் நாட்டு அரசினரிடமே நிலையானதொரு பொருளுதவி பெறுதல் நன்றென அம்மையார் கருதினார். அந்நாளில் அமெரிக்க அரசுக்கு மேற்றிசையிற் பரந்த நிலம் இருந்தது. இருப்புப்பாதைக் கழகத்தார்க்கும் அது வழங்கப்பட்டது. மனநோயாளர்க்கும் அதில் ஒரு பங்கு வேண்டுமென 1848-ஆம் ஆண்டிற் பேரவைக்கு விண்ணப்பித்தார். மனநோயாளரும் வலிப்பு நோயினரும் அறிவுவளர்ச்சி குன்றினாருமாக ஒன்பதினாயிரவர்க்குமேல் தாம் நேரிற் கண்டதாக அவ்விண்ணப்பத்திற் கூறியுள்ளார். முதலில் 50 இலட்சம் ஏக்கர் கேட்டவர், பின்னர்க் குருடர் செவிடர் முதலியோரையும் சேர்த்து 1 கோடியே 22 இலட்சத்து 25 ஆயிரம் ஏக்கர் கேட்டார். ஆறாண்டு ஓயாத முயற்சிக்குப்பின் 1854-ஆம் ஆண்டிற் பேரவையின் ஈரவைகளும் அச்சட்டத்தை ஏற்றன. நாட்டின் தலைவர் பிராங்க்லின் பியர்ஸ் கையொப்பமிடுதல் ஒன்றே எஞ்சியிருந்தது.

அவர் கையொப்பமிட மறுத்தார். ஏழையரைப் பேணுதல் மாகாணங்களின் கடன். நாட்டு அரசு அதனை ஏற்றால் அரசியற் சட்டத்துக்கு முரணாகும் என்பது அவர் காட்டிய காரணம். மே மாதம் 3-ஆம் நாள் சட்டம் திருப்பியனுப்பப்பட்டது. அம்மறுப்பை மீறத்தக்க வாக்கு பேரவையிற் கிட்டவில்லை. வறிய நோயாளரைப் பேணும் பொறுப்பு யாருடையது என்னும் அவ்வினா அன்றோடு ஒழியவில்லை. பல நாடுகளில் இன்றும் அரசும் மாகாணமும் குடும்பமும் ஒருவர்மேல் ஒருவர் அதனைத் தள்ளிக்கொண்டே இருத்தலைக் காண்கின்றோம்.

கடல் கடந்த பணி

மனம் நொந்த அம்மையார் ஓய்வு நாடி ஐரோப்பா சென்றார். ஓய்வு அவருக்குப் பழக்கமில்லாத பொருள். 1855-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்தில், பணம் ஈட்டும் நோக்கத்தால் தனியார் நடத்திய மனநோய் விடுதிகளின் இழிநிலையைக் கண்டார். அதனை வெளிப்படுத்த முனைந்தபொழுது எடின்பரோ நகரத் தலைவர் அவரை எதிர்த்து, லண்டன் சென்று உள்நாட்டமைச்சரிடம் முறையிடப் புறப்படலானார். இஃதறிந்த அம்மையார் ஒரு கைப்பையுடன் இரவு வண்டியிலேயே ஏறி, நகரத் தலைவர்க்கு முன்னரே லண்டன் சேர்ந்து, அமைச்சர் ஜார்ஜ் கிரே அவர்களைக் கண்டு தம் வழக்கை எடுத்துரைத்தார் என்பர். ஆராய்ச்சிக்குழு அமைக்கப்பட்டது, 1857-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்துக்குரிய மனநோயாளர் சட்டம் பிறந்தது.

உரோமைநகரிற் போப்பாண்டவர் ஒன்பதாம் பத்திநாதரைக் கண்டு, அந்நகரத்து மனநோய் விடுதியின் குறைகளைக் கூறினார். புரொட்டஸ்டண்ட் பெண்ணொருத்தி வந்து தம் நகரத்துக் குறையைக் கூறக்கேட்டும் போப்பாண்டவர் வெகுளாது, தாமே அவ்விடுதிக்கு முன்னறிவிப்பின்றிச் சென்று பார்த்தது இருவர்க்கும் பெருமை தருவதாம். பின்னாளில், வாஷிங்டனில் சப்பான் அரசின் தூதராயிருந்த மோரி அரினோரி என்பார், அம்மையாரோடு பழகியதன் பயனாகத் தம் நாட்டுக் கியோத்தோ நகரில் மனநோய் மருத்துவமனை அமைந்ததை 1875-ஆம் ஆண்டில் அவருக்கு எழுதித் தெரிவித்தார்.

போர்க்காலமும் குறைகளும்

1861-ஆம் ஆண்டில் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. அம்மையார் உடனே வாஷிங்டன் சென்று தம் பணியை அரசுக்கு அளித்தார். ஊதியமின்றிப் படைச் செவிலியர்க்குத் தலைவியாக அமர்ந்தார். ஈண்டு அவருடைய குறைகளையும் மறையாது கூறுதல் வேண்டும். குறையை மறைத்துக் கூறும் வரலாறு புகழுரையாகுமேயன்றி வரலாறாகாது. தனித்துழைத்துப் பழகியவர் பலரை ஆளும் கலையில் தேர்ச்சி பெறவில்லை. செவிலியர் முப்பத்தைந்து ஆண்டு கடந்தவராய், அணியின்றி எளிய உடை உடுத்தோராய் இருத்தல் வேண்டுமென விதித்தார். கத்தோலிக்கக் கன்னியரிடத்து அவருக்கு ஐயப்பாடு இருந்தது. மருத்துவரோடு ஓயாத பூசல் நிகழ்ந்தது. 1863-ஆம் ஆண்டில் அவருடைய அதிகாரத்திற் பெரும்பகுதி குறைக்கப்பட்டது. எனினும் போர் முடியுங்காறும் அவர் பணியைக் கைவிட்டாரில்லை.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. தென்மாகாணங்களில் அவர் நெடுங்காலம் சுற்றினார். அடிமைகளாக விற்கப்பட்ட கறுப்பு மக்களின் துன்பம் அவர் கண்முன் நின்றது. ஆயினும் அடிமைமுறைக்கு எதிராக அவர் வெளிப்படக் குரல் எழுப்பினாரல்லர். எழுப்பியிருந்தால் தென்மாகாணச் சட்டசபைகளின் கதவு தமக்கு அடைபட்டுப்போம் என அஞ்சினார் போலும். ஹௌவும் சம்னரும் அடிமைமுறையை வன்மையாக எதிர்த்தவர். அவர் நண்பராகிய இவர் வாளா இருந்தார். ஒரு சங்கிலியைக் கண்ட கண் மற்றொரு சங்கிலியைக் காணாதது போன்றிருந்தது. ஒரு நற்பணிக்காக வேறோர் அநீதியைக் கண்டுங் காணாதிருத்தல் பெரியோர்க்கும் நேரும் சறுக்கல் என்பதை இஃது உணர்த்துகின்றது.

இறுதிக்காலம்

போருக்குப் பின்னும் முதுமை வருங்காறும் மருத்துவமனைகளைப் பார்வையிடுதலே அவர் தொழில். தமக்கென வீடு அவர் கட்டிக்கொள்ளவில்லை, திருமணமும் செய்துகொள்ளவில்லை. 1881-ஆம் ஆண்டில் நோயுற்று ட்ரெண்டன் மருத்துவமனையை அடைந்தபொழுது, அம்மாகாணத்தார் அம்மனையிலேயே சில அறைகளை அவர் வாழ்நாள் முழுதும் தங்குதற்கு அளித்தனர். பிறர்க்கு வீடு தேடியலைந்தவர்க்கு முடிவில் அம்மனையே வீடாயிற்று. 1887-ஆம் ஆண்டு சூலை மாதம் ஆங்கு உயிர்நீத்தார். கேம்பிரிட்ஜ் நகரத்து மௌண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடங்கியுள்ளது. கல்லில் அவர் பெயரன்றிப் புகழுரை எதுவும் இல்லை.

அவர் எழுப்பிய மனைகளின் பின்னிலை

வாழ்க்கை வரலாறு இவ்வளவில் முடிதல் முறை. டிக்ஸ் அம்மையாரின் வரலாறோ அவர் கல்லறையோடு முடிவதன்று. அவர் காலத்து மருத்துவர், ஒரு மனையில் 250 நோயாளர்க்குமேல் வைத்தல் ஆகாதென வரையறுத்தனர். பின் வந்த ஆட்சியாளர் அதனைப் போற்றவில்லை. முதியோரும் வறியோரும் தீராநோயினரும் ஆங்கே கொண்டுவந்து விடப்பட்டனர். நூற்றுவர்க்கெனக் கட்டிய இடத்தில் ஆயிரவர் அடைந்தனர். மருத்துவமனை என்னும் பெயர் நின்றது, மருத்துவம் நீங்கிற்று.

அவருடைய தலைப்பிள்ளையாகிய ட்ரெண்டன் மனைக்கு நேர்ந்ததே எல்லாவற்றினும் கொடிது. 1907-ஆம் ஆண்டில் ஹென்றி காட்டன் என்பார் அதன் தலைமை மருத்துவரானார். நன்கு கற்றவர், சங்கிலி முதலிய கட்டுகளை அகற்றியவர், நோயாளரைக் குணப்படுத்த வேண்டுமென்னும் ஆர்வமும் உடையவர். பல்லிலும் குடலிலும் மறைந்துள்ள கிருமிகளே மனநோய்க்குக் காரணமென அவர் உறுதியாக நம்பினார். அந்நம்பிக்கையால் நோயாளரின் பற்களைப் பிடுங்கினார், அடிநாக்குச் சதைகளை அறுத்தார், பெருங்குடலையும் வெட்டியெடுத்தார். குடல் அறுக்கப்பட்டாரிற் பத்தில் மூவரளவினர் மாண்டனர். அவரோ பெரும்பாலோர் நலமடைவதாகப் பறைசாற்றினார், இதழ்களும் புகழ்ந்தன. 1924-ஆம் ஆண்டில் பில்லிஸ் கிரீனேக்கர் என்னும் பெண் மருத்துவர் அம்மனைக்கு அனுப்பப்பட்டார். அவர் ஒவ்வொரு நோயாளியின் பதிவையும் எடுத்து, மனையை விட்டகன்றாரையும் தேடிச் சென்று கண்டு ஆராய்ந்தார். அறுவை நலம் பயக்கவில்லை. தீங்கே பயந்தது எனக் கண்டார். அவ்வறிக்கை வெளியிடப்படவில்லை. அறுவைகள் பின்னும் தொடர்ந்தன.

அன்பு இருந்தும், கட்டடம் இருந்தும், கல்வி இருந்தும் இத்தீங்கு நேர்ந்தது ஏன்? சென்று காண்பார் இல்லாமையாலும், கண்டவர் சொல்லை மறைத்தமையாலும் நேர்ந்தது. டிக்ஸ் அம்மையார் குறிப்பேட்டுடன் நிலவறைக்குள் இறங்கினார்; கிரீனேக்கரும் அவ்வாறே இறங்கினார். முன்னவர் குரல் சட்டசபையில் ஒலித்தது. பின்னவர் குரல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டப்பட்டது. இக்காலத்து மருத்துவ ஆராய்ச்சியில், ஒரு மருந்தைப் பெற்றாரையும் பெறாதாரையும் ஒப்பிட்டே அதன் பயனை முடிவு செய்தல் வேண்டும், நோயாளரின் இசைவு பெறுதல் வேண்டும், கிட்டிய முடிவு எதுவாயினும் வெளியிடுதல் வேண்டும் என்னும் விதிகள் நிலைபெற்றன. இவ்விதிகள் எத்துணை உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்றவை என்பதை ட்ரெண்டன் வரலாறு காட்டும்.

1952-ஆம் ஆண்டில் குளோர்புரோமசைன் என்னும் மருந்தின் பயன் பாரிஸ் நகரத்தில் அறியப்பட்டது. பலருடைய மாயக்குரல்களும் அச்சங்களும் அதனால் அடங்கின. 1955-ஆம் ஆண்டில் அமெரிக்க மாகாண மனநோய் மருத்துவமனைகளில் ஐந்தரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். அதன்பின் அத்தொகை குறையலாயிற்று. நோயாளர் தத்தம் ஊரிலேயே வாழ்ந்து மருத்துவம் பெறுமாறு நாடெங்கும் நிலையங்கள் அமைக்கும் சட்டத்தில் 1963-ஆம் ஆண்டில் தலைவர் கென்னடி கையொப்பமிட்டார். பியர்ஸ் மறுத்து நூற்றொன்பது ஆண்டு கழித்து நாட்டு அரசு இப்பொறுப்பில் ஒரு பங்கை ஏற்றது. ஆயின் மனைகள் மூடப்பட்ட விரைவில் நிலையங்கள் எழவில்லை. எண்ணியவற்றுட் பாதி நிலையங்களே தோன்றின. வெளிவந்தாரிற் பலர் தெருவில் நின்றனர். தெருவில் நின்றவர் சிறு குற்றங்களுக்காகச் சிறை புகுந்தனர். இன்று அந்நாட்டுப் பெருநகரச் சிறைகள் சில, அந்நாட்டு எந்த மருத்துவமனையினும் மிகுதியான மனநோயாளரைத் தம்முள் வைத்திருக்கின்றன. டாபின் மனைவியாரின் வேண்டுகோளால் எழுந்த வட கரோலினா மருத்துவமனை 2012-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அந்நிலம் இப்பொழுது பூங்கா.

1841-ஆம் ஆண்டில் அம்மையார் சிறையிற் கண்ட பெண்கள் இன்றும் சிறையில் உள்ளனர் என்றால் அது மிகையாகாது. சிறையிலிருந்து மருத்துவமனைக்கும், மருத்துவமனையிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து மீண்டும் சிறைக்குமாக வட்டம் முற்றியது.

முடிவுரை

அங்ஙனமாயின் அம்மையாரின் உழைப்பு வீணோ எனின், அன்று. மனநோயாளர் குளிரை உணர்வர், அவர்க்கும் நெருப்பு வேண்டும், அவரைப் பேணுதல் பொதுமக்களின் கடன் என்பவற்றை அவர் ஒரு நாட்டை ஒப்புக்கொள்ளச் செய்தார். ஒப்புக்கொண்டதை நாடு செய்து முடிக்கவில்லை. அப்பிழை அவரதன்று.

அவர் நமக்கு விட்டுச்சென்றவற்றுட் கட்டடங்கள் சிறந்தன அல்ல. அவற்றுட் பல இடிந்தன. அவர் கையாண்ட முறையே சிறந்தது. பிறர் செல்லாத இடத்துக்குச் செல்லுதல், கண்டதைக் கூட்டாமலும் குறையாமலும் எழுதுதல், கேட்க வேண்டியவர் கேட்குங்காறும் மீண்டும் மீண்டும் கூறுதல் ஆகிய மூன்றும் அம்முறையின் உறுப்புகள். இவற்றுக்கு மருத்துவப் பட்டமோ செல்வமோ வேண்டா. ஒரு மனையை எழுப்பியவுடன் இப்பணி முடிவதும் இல்லை. மனை எழுந்தபின்னரே அது மிகுதியும் வேண்டப்படுவது. மருந்தும் சட்டமும் இக்காலத்தில் முன்னையினும் பல. ஆயின் பூட்டிய கதவு எக்காலத்தும் உண்டு; அக்கதவின் பின்னே குளிரில் நடுங்குவாரும் உண்டு. கல்லூரியை விட்டகன்று மருத்துவராகவும், ஆசிரியராகவும், ஆட்சித் துறையினராகவும் நம்மிற் பலர் செல்வோம். அத்தகைய கதவொன்று நம் வழியில் எதிர்ப்படும்பொழுது, உள்ளிருப்பார்க்குக் குளிர் தெரியாதென்று பிறர் கூறுவதை நம்பிக் கடந்து போகாது, திறக்கச் சொல்லி உட்புகுந்து பார்க்கும் துணிவு நமக்கு உண்டாகுக.